மக்ரீஸி கண்ட பஞ்சமும் அத்திப்பள்ளித் தீயும்

2023ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் காலையில் கிருஷ்ணகிரி நகரத்துப் பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு ஒன்று வெடித்தது. ஒட்டியிருந்த உணவகமும் வீடுகளும் இடிந்து விழுந்தன. ஒன்பது பேர் மாண்டனர். சரியாக எழுபது நாள் கழித்து, அக்டோபர் 7ஆம் நாள் பிற்பகலில், அதே நெடுஞ்சாலையில் ஓசூரைக் கடந்ததும் கர்நாடக எல்லைக்குள் வருகின்ற அத்திப்பள்ளியில், கடையும் கிடங்குமாய் இயங்கிய ஒரு கட்டடம் தீபாவளிச் சரக்கை இறக்கிக்கொண்டிருக்கையில் தீப்பற்றியது. அன்றே 14 பேர் இறந்தனர். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களுள் சிலர் பின்னர் இறந்தனர்.

அத்திப்பள்ளியில் இறந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு இளைஞர்கள். தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்து அம்மாபேட்டையைச் சேர்ந்தவர்கள் பலர். வாணியம்பாடியை அடுத்த வெள்ளக்குட்டையைச் சேர்ந்தவர்களும், கள்ளக்குறிச்சி மாவட்டத்தவர்களும் இருந்தனர். அவர்களுள் மாணவர்களும் உண்டு. பண்டிகைக்கு முந்தைய சில வாரங்கள் கடை வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலி, படிப்புச் செலவுக்கோ வீட்டுச் செலவுக்கோ உதவும் என்று எண்ணிப் புறப்பட்டவர்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நாளேடுகள் ‘விபத்து’ என்ற ஒரே சொல்லால் குறித்தன. அரசாணைகளும் அவ்வாறே குறித்தன. ‘விபத்து’ என்னும் வடசொல்லுக்கு இடுக்கண், கேடு என்பதே பழைய பொருள். ‘யாரும் எண்ணாமல் தானாக நேர்ந்தது’ என்ற பொருள் பிற்காலத்தில் அதன்மேல் ஏறிக்கொண்டது. இந்தப் பிற்காலப் பொருள்தான் ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருக்கிறது. தானாக நேர்ந்த ஒன்றுக்கு யாரும் விடை கூற வேண்டியதில்லை. இரங்கற் செய்தியும் நிவாரணத் தொகையும் போதும். பழையபேட்டை நிகழ்ச்சியில் உணவகத்து எரிவாயு உருளைதான் வெடித்ததா, பட்டாசுதான் முதலில் பற்றியதா என்ற வாதம் பல நாள் நடந்தது. தடய அறிவியலுக்கு அது இன்றியமையாத கேள்வி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அக்கேள்வியின் ஆரவாரத்தில் வேறொரு கேள்வி அமுங்கிப்போயிற்று. அடுப்பெரியும் உணவகத்தின் சுவருக்கு மறுபுறம், குடியிருப்புகளின் நடுவில், வெடிபொருள் எவ்வாறு இருந்தது? பொறி எந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தாலும் இக்கேள்வி அப்படியே நிற்கிறது.

சட்டம் இதுபற்றி மௌனமாக இல்லை. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள், பட்டாசு விற்கும் கடை எப்படி இருக்க வேண்டும் என்பதை அளவுகோல் வைத்தாற்போல் சொல்கின்றன. கடை செங்கல், கல் அல்லது கற்காரையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். தரைப் பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். தரைத்தளத்தில்தான் அமைய வேண்டும். மேல்தளத்தில் குடியிருப்பு இருத்தல் ஆகாது. மாடிப்படிக்கு அடியிலோ அருகிலோ இருத்தலும் ஆகாது. தனி நுழைவாயிலும் அவசர வழியும் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இதே வகைப் பொருளோ எளிதில் தீப்பற்றும் பிற பொருளோ வைத்திருக்கும் இடத்திலிருந்து 15 மீட்டர் தொலைவு இருக்க வேண்டும்.

இவ்விதிகளைப் படிக்கின்றவர்க்கு ஒன்று விளங்கும். இவற்றை எழுதியவர்கள் தீ எப்படிப் பரவும், உள்ளே இருப்பவன் எங்கே ஓடுவான், கூட்டம் நெருக்கும்போது உட்புறமாகத் திறக்கும் கதவு என்ன செய்யும் என்பதையெல்லாம் எண்ணிப்பார்த்தே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் எங்கோ எப்போதோ நேர்ந்த ஒரு சாவின் பாடமாகத் தோன்றுகிறது. ஆகவே நம் குறை விதி இல்லை என்பதன்று. அத்திப்பள்ளிக் கடையில் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படவில்லை என்று கர்நாடக முதலமைச்சரே பொதுவில் கூறினார். அப்படியானால் உரிமம் எதைப் பார்த்து வழங்கப்பட்டது?

ஓசூர்ச் சாலையின் இயல்பையும் ஈண்டுக் கருத வேண்டும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூர் வளர்ந்தது. 2019இல் மாநகராட்சி ஆயிற்று. எல்லைக்கு இப்பால் ஜூஜுவாடி, அப்பால் அத்திப்பள்ளி. இரண்டுக்கும் இடையே பிரிவு என்பது வரைபடத்தில் மட்டுமே உள்ளது. காலையில் ஒரு மாநிலத்தில் விழித்து மற்றொரு மாநிலத்தில் வேலை செய்து இரவில் திரும்புகின்றவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். தீபாவளி நெருங்கினால் பெங்களூர் மக்கள் பட்டாசு வாங்க இச்சாலைக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவது நெடுநாள் வழக்கம். சிவகாசிச் சரக்கு தெற்கேயிருந்து வருகிறது. வாங்குவோர் வடக்கேயிருந்து வருகின்றனர். சுமப்போர் தருமபுரியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வருகின்றனர். சில வாரங்களில் ஓராண்டு வாணிகம் நடந்து முடிந்துவிடும். இத்தகைய குறுகிய காலத்துப் பெருவாணிகத்தில், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் சரக்கு அடுக்குவதன் இலாபம் மிகப் பெரிது. அதைக் கண்டும் காணாதிருப்பதன் விலையும் அதற்கேற்பவே இருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. குறிப்பிட்ட இக்கோப்பில் பணம் கைமாறியதா என்பதைத் தீர்மானிக்க நாம் நீதிமன்றம் அல்லோம். ஆனால் கையூட்டு மட்டுமே ஊழல் என்று கொள்வதை நாம் ஏற்கவில்லை. பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுதும் ஒரு சான்றும் ஊழலே.

இந்த இடத்தில் நமக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் எழுதப்பட்ட ஒரு சிறு நூல் நினைவுக்கு வருகிறது. தகியுத்தீன் அல்மக்ரீஸி (1364–1442) என்னும் வரலாற்றாசிரியரை, எகிப்தின் நகரமைப்பையும் கட்டடங்களையும் விவரிக்கும் ‘கிதத்’ நூலின் வாயிலாக நம் வாசகர் பலர் அறிவர். அவர் இப்னு கல்தூனின் மாணவர். கெய்ரோவின் முஹ்தஸிப் பதவியை, அஃதாவது சந்தைகளையும் எடைகளையும் பொதுநலனையும் கண்காணிக்கும் பதவியை, தாமே வகித்தவர். ஹிஜ்ரி 806இல், அஃதாவது 1403ஆம் ஆண்டு வாக்கில், எகிப்தைப் பஞ்சமும் விலையேற்றமும் கொள்ளைநோயும் ஒருங்கே தாக்கின. அதனைக் கண்ணுற்ற மக்ரீஸி ‘இகாஸத்துல் உம்மா’ என்ற நூலை எழுதினார்.

நூலின் வாதம் வியப்புக்குரியது. அந்நாளைய மக்கள் தமக்கு நேர்ந்தது போன்ற துன்பம் முன்னெப்போதும் நேர்ந்ததில்லை என்று நம்பினர். மக்ரீஸி அதை மறுக்கிறார். எகிப்தில் முன்னர் நேர்ந்த பஞ்சங்களை வரிசையாக எடுத்துக் கூறுகிறார். நைல் நதி பொய்ப்பது புதிதன்று; மழை பிழைப்பதும் புதிதன்று; அவை இறைவனின் நியதியில் வருபவை, வந்தபின் நீங்குபவை. இம்முறை அது நீங்காமல் நீடிப்பதற்கு நதி காரணம் அன்று, ஆள்வோரின் கேடே காரணம் என்பது அவர் முடிவு. மூன்று காரணங்களைக் கூறுகிறார். நிலக் குத்தகை உயர்ந்தது ஒன்று. செப்புக் காசு பெருகி நாணயம் சீரழிந்தது மற்றொன்று. இவற்றுக்கெல்லாம் வேராக அவர் முதலில் வைப்பது, அமைச்சுப் பதவி முதல் நீதிபதிப் பதவி, ஹிஸ்பா பதவி வரை அனைத்தும் கையூட்டுக்கு விற்கப்பட்டதை.

பதவியை விலைக்கு வாங்குபவன் கையில் அத்தொகை இருப்பதில்லை. அவன் கடன்படுகிறான். கடனை அடைக்கத் தன் ஆட்சிக்குட்பட்டவர்களைப் பிழிகிறான். அவனுக்குக் கீழுள்ளவனும் அவ்வாறே செய்கிறான். இறுதியில் சுமை முழுவதும் உழவன் தோளில் இறங்குகிறது. அவன் நிலத்தைவிட்டு ஓடுகிறான். நதி நிரம்பி வந்தாலும் விதைக்க ஆள் இல்லை. இயற்கையின் ஓர் ஆண்டுத் துன்பம் பல்லாண்டு அழிவாக மாறுவது இவ்வாறுதான் என்று மக்ரீஸி விளக்குகிறார். அவர் மக்களை ஏழு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நேர்ந்ததைத் தனித்தனியே எழுதுகிறார். கைத்தொழிலாளரும் கூலியாட்களும் பற்றிய பகுதி நம் நெஞ்சைத் தைக்கிறது. அவர்களின் கூலி உயர்ந்துவிட்டது என்கிறார். ஏனெனில் பெரும்பாலோர் இறந்துபோயினர், எஞ்சியவர் சிலரே.

மக்ரீஸியை நாம் குறையற்றவராகக் கொள்ள வேண்டியதில்லை. கடந்தகாலத்தை அவர் மிகையாக ஒளியூட்டிக் காண்கிறார். முஹ்தஸிப் பதவியிலிருந்து அவரை நீக்கி அவ்விடத்தில் பத்ருத்தீன் அல்ஐனி அமர்த்தப்பட்டார். இருவர்க்கும் இடையிலான பகை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. பதவி விற்பனையைக் கண்டிக்கும் பக்கங்களில் அந்தச் சொந்தக் காயத்தின் சூடும் கலந்திருக்கலாம். செப்புக் காசு பற்றிய அவர் வாதம் பொருளியல் வல்லுநரிடையே இன்றும் விவாதத்துக்குரியது. இருப்பினும் பேரிடரையும் நிர்வாகக் கேட்டையும் ஒரே கணக்கேட்டில் எழுத வேண்டும் என்ற அவர் முறை இன்றும் பழுதின்றி நிற்கிறது. பேரிடர் வந்தபின் மக்களின் ஒழுக்கக் குறைவையோ விதியையோ மட்டும் பேசி முடித்துவிடும் வழக்கம் அக்காலத்து அறிஞரிடையேயும் இருந்தது. அவர் அவ்வாறு முடிக்கவில்லை. பதவியின் விலையைக் கேட்டார்.

நைலுக்கு நிகரான சான்று நம் மாவட்டத்திலும் உண்டு. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெங்கல் புயலின் எச்சத்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த நீர் பேருந்து நிலையப் பகுதியில் நின்ற வாகனங்களை உருட்டிச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. அம்மழையை எந்த அதிகாரியும் பெய்விக்கவில்லை. ஆனால் நீர் போகும் வழியில் என்ன கட்டப்பட்டது, யார் வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தார் என்பவை வானிலைக் கேள்விகள் அல்ல. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பு அகற்றவும் தமிழ்நாடு 2007இலேயே தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. பட்டாசுக் கிடங்கிலோ நைலும் இல்லை, புயலும் இல்லை. முதலிலிருந்து முடிவுவரை மனிதர் கைபட்டதே. அதனால்தான் அதையே நாம் இங்கு முதன்மையாக எடுத்துக்கொண்டோம்.

இனி, அந்தக் கைகள் யாருடையவை என்று பார்ப்போம். பெரிய அளவுக் கிடங்குகளுக்கான உரிமத்தை நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட நடுவண் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வழங்குகிறது. அதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். சிறு அளவுக்கான உரிமத்தை மாவட்ட நிர்வாகமே வழங்குகிறது. காவல்துறை, தீயணைப்புத்துறை, வருவாய்த்துறை ஆகியவை அறிக்கை தர வேண்டும். ஆக ஓர் உரிமத்தின் பின்னால் குறைந்தது நான்கு மேசைகள் உள்ளன. ஒவ்வொரு மேசையிலும் ஒரு தேதியும் ஒரு பெயரும் இருக்கும். வெடித்தபின் மிஞ்சும் சாம்பலில் எதுவும் தெரியாமற் போகலாம், கோப்பு எரிவதில்லை.

இங்கேதான் நம் ஆட்சியமைப்பின் ஒரு முரண் வெளிப்படுகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பேரிடர் என்பதற்கு இயற்கையால் நேர்வது என்று மட்டும் பொருள் கூறவில்லை. மனிதச் செயலாலும் கவனக்குறைவாலும் நேர்வதையும் சேர்த்தே சொல்கிறது. நல்ல இலக்கணம். ஆனால் அதே சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். உரிமமோ தடையின்மைச் சான்றோ வெளிவருவதும் அவர் அலுவலகத்திலிருந்தே. நிகழ்ச்சி நடந்தபின் முதல் அறிக்கை அனுப்புவதும் அவரே. நிவாரணப் பட்டியல் தயாரிப்பதும் அவரே. தனி மனிதர் எவரையும் நாம் குற்றம் சாட்டவில்லை. அந்த நாற்காலியில் எத்துணை நேர்மையாளர் அமர்ந்தாலும், தன் அலுவலகத்துக் கையெழுத்தைத் தானே விசாரிக்கும் நிலை முறையானதாகாது. இஸ்லாமிய ஆட்சி மரபில் ஆளுநர்களைப் பற்றிய முறையீடுகளை விசாரிக்க உமர் (ரலி) அவர்கள் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களைத் தனியே அனுப்பியதை நாம் அறிவோம். ஆளுநர் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளும்படி விடப்படவில்லை.

ஹிஸ்பா நூல்களையும் இத்தொடர்பில் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் தகும். மாவர்தி (இறப்பு 1058), தாங்காத சுமையைக் கப்பலில் ஏற்றுவதையும் கடுங்காற்றில் பாய் விரிப்பதையும் முஹ்தஸிப் தடுக்க வேண்டும் என்று எழுதுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிரியாவைச் சேர்ந்த ஷைஸரியின் கையேடு, ரொட்டிக் கடைகளின் கூரை உயரமாக இருக்க வேண்டும், அடுப்புப் புகை வெளியேற அகன்ற வழி வேண்டும் என்ற அளவுக்கு நுணுக்கம் பேசுகிறது. தொழுகை, நோன்பு குறித்த மேற்பார்வையே ஹிஸ்பா என்று நம்மில் பலர் சுருக்கிக்கொண்டுவிட்டோம். அந்த மரபின் பெரும்பகுதி அடுப்பும் படகும் எடைக்கல்லும் பற்றியதாகவே இருந்தது. அப்பதவியும் பிற்காலத்தில் விற்பனைக்கு வந்தது என்பதை மக்ரீஸியே பதிவு செய்துவிட்டார். ஆகையால் பழம்பெருமை பேசி ஆறுதல் கொள்ளவும் வழியில்லை.

அத்திப்பள்ளிக்குப் பின் கர்நாடக அரசு குற்றப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டது. கடை உரிமையாளர் தரப்பினர் கைது செய்யப்பட்டனர். வட்டாட்சியர், காவல் ஆய்வாளர், தீயணைப்புத்துறை அலுவலர் ஆகிய நிலைகளில் இருந்தவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அரசியல் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் பட்டாசு வெடிக்கத் தடை அறிவிக்கப்பட்டது. அந்த வேகத்தை நாம் பாராட்டலாம். ஆனால் பணியிடை நீக்கம் என்பது தண்டனை அன்று. விசாரணைக்கான முன்னேற்பாடு மட்டுமே. செய்தித்தாள் அதைத் தண்டனைபோல் அச்சிடுகிறது, வாசகர் மனநிறைவடைகிறார், பிறகு அக்கோப்பு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் சட்டம் எளிதில் வழிவிடுவதில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே, கடமை தவறிய துறைத் தலைவரையும் அலுவலரையும் தண்டிக்கும் பிரிவுகள் உள்ளன. 55, 56ஆம் பிரிவுகள். மூன்று பிரிவு தள்ளி 59ஆம் பிரிவு வருகிறது. மேற்கண்ட இரண்டின்கீழ் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் இத்தகைய சட்டவரைவை என்னென்பது! ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் புகுத்திய 17அ பிரிவு, அதிகாரி அலுவல் முறையில் எடுத்த முடிவு குறித்து விசாரணை தொடங்குவதற்கே முன் ஒப்புதல் வேண்டும் என்றது. நேர்மையான அதிகாரி அஞ்சாமல் முடிவெடுக்க இது வேண்டும் என்பது அரசுத் தரப்பு வாதம். அதில் ஓரளவு பொருளுண்டு. ஆனால் வெடிபொருள் கடையின் கதவு வெளிப்புறம் திறக்கிறதா உட்புறம் திறக்கிறதா என்பது கொள்கை முடிவு அன்று. அதைப் பார்த்து எழுதுவதற்கு அஞ்சாமை தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

நீதிமன்றங்களின் போக்கும் ஆராயத்தக்கது. டெல்லியின் உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13இல் நேர்ந்த தீயில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். இழப்பீட்டு வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திரையரங்கு உரிமையாளரையும் மின்வாரியத்தையும் பொறுப்பாக்கியது. உரிமம் வழங்கிய அதிகாரத்தையும் மாநகராட்சியையும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. சட்டக் கடமையைச் சரிவரச் செய்யாமை மட்டுமே இழப்பீட்டுக்குப் போதாது, தீய நோக்கோ அதற்கு நிகரான தவறோ காட்டப்பட வேண்டும் என்பது அதன் சாரம். இத்தீர்ப்பின் விளைவை எண்ணிப் பாருங்கள். உரிமம் பெற்றவன் விதியை மீறினால் பொறுப்பாளி; விதியைக் காக்கச் சம்பளம் பெறுபவர் காக்காவிடில் பொறுப்பாளி அல்லர். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16இல் 94 குழந்தைகள் பள்ளித் தீயில் கருகினர். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பத்தாண்டுக்குப் பின் 2014இல் தஞ்சை நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. தண்டிக்கப்பட்டவர்களுள் கல்வித்துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர் என்பது அரிய செய்தி. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அத்தண்டனைகளும் பெருமளவு தளர்ந்தன.

மறுபுறம், நிவாரணம் விரைந்து வருகிறது. பழையபேட்டையில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 3 இலட்சமும் நடுவண் அரசு 2 இலட்சமும் அறிவித்தன. அத்திப்பள்ளிக்குக் கர்நாடகம் 5 இலட்சமும் தமிழ்நாடு 3 இலட்சமும் அறிவித்தன. அந்தப் பணம் அக்குடும்பங்களுக்கு வேண்டியதே. அதைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதலமைச்சரின் பொது நிவாரண நிதி பொதுமக்கள் நன்கொடையால் நிறைவது. விதிமீறலில் இலாபம் ஈட்டியவனிடமிருந்தோ சான்றளித்தவர் சம்பளத்திலிருந்தோ அது வரவில்லை. பத்து ரூபாய் நன்கொடை தந்த ஏழை ஒருவரே மற்றோர் ஏழையின் மரணத்துக்கு ஈடு கொடுக்கிறார். இதற்குக் கருணைத்தொகை என்று பெயர் வேறு. உரிமையாகக் கேட்க வேண்டியதைக் கருணையாகப் பெறும்போது, பெறுகின்றவர் தலை குனிந்துவிடுகிறது; குனிந்த தலை கோப்பைக் கேட்பதில்லை.

எல்லைப்புறத்தில் இந்த நிலை இன்னும் மோசமாகிறது. இறந்தவன் ஒரு மாநிலத்தின் வாக்காளன். உரிமம் மற்றொரு மாநிலத்தின் ஆவணம். அம்மாபேட்டைத் தாய் ஒருத்தி தன் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்டால், அது கர்நாடகத்தின் விவகாரம். ஆனேக்கல் வட்டத்தில் போய்க் கேட்பதற்கு அவளுக்கு மொழியும் இல்லை, பேருந்துச் செலவும் இல்லை, அங்கே அவள் வாக்குக்கு விலையும் இல்லை. மாநிலம்விட்டு மாநிலம் ஒப்பந்தக்காரர் வழியே செல்லும் தொழிலாளர்க்காக 1979இல் இயற்றப்பட்ட சட்டம் 2023இல் நடப்பில் இருந்தது. பதிவும் உரிமமும் அச்சட்டம் கேட்டவை. சில வாரத்துக்காக நண்பன் அழைத்தான் என்று வண்டியேறிய மாணவனை எந்தப் பதிவேடும் கண்டதில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. அவை பண்டிகைக் காலக் கூலிகளை எங்ஙனம் காணப்போகின்றன என்பது தனியே ஆராய வேண்டியது.

நம் வாதத்துக்கு எதிராகக் கூறப்படுவதையும் கேட்போம். அலுவலர் எண்ணிக்கை குறைவு, கடைகள் மிகுதி, தீபாவளிக்கு முன் விண்ணப்பங்கள் குவிகின்றன, கண்டிப்புக் காட்டினால் சிறு வணிகர் வாழ்வு கெடும் என்கின்றனர். முதல் மூன்றும் உண்மை. ஆகவே எத்தனை கடைகளை ஒருவர் நேரில் பார்க்க இயலுமோ அத்தனைக்கே உரிமம் என்பதல்லவா அதன் முடிவாக வேண்டும்? பார்க்க ஆள் இல்லாதபோதும் கையெழுத்துக்கு மட்டும் பஞ்சம் வருவதில்லை. நான்காவது வாதம், 25 சதுர மீட்டருக்குள் விதிப்படி கடை நடத்தும் சிறு வணிகரையே இழிவுபடுத்துகிறது. அவர் ஏற்கனவே விதியின் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மீறுபவரோடு அவர் எவ்வாறு போட்டியிடுவார்?

நம் சமுதாயத்தைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளமோ தீயோ வந்தால் நம் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் முதலில் களத்தில் நிற்பதை எவரும் மறுக்க மாட்டார். உணவுப் பொட்டலமும் போர்வையும் சாதி, மதம் பாராமல் செல்கின்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அமானிதம் பற்றி வாரந்தோறும் கேட்கும் நாம், பொது உரிமம் ஒன்றில் இடப்படும் கையெழுத்தும் அமானிதமே என்று அரசை நோக்கி எழுதியதுண்டா? காணிக்கை என்ற பெயரில் அதிகாரிக்கு வருவது என்ன என்பதை இப்னுல் லுத்பிய்யா நிகழ்ச்சி நமக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. அதை ஜகாத் வசூலிப்பவர்க்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவைத்துவிட்டோம். நம் வணிகர் சிலரே சான்றுக்குக் ‘கவனித்து’விட்டு வருவதைச் சாமர்த்தியமாகப் பேசக் கேட்டிருக்கிறோம்.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, உரிமங்களும் அனுமதிகளும் பெற்றவர்களின் விவரத்தை எவரும் கேளாமலே வெளியிடும் கடமையை ஒவ்வொரு பொது அதிகார அமைப்பின்மீதும் சுமத்துகிறது. கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், பெங்களூர் நகர மாவட்டத்துத் துணை ஆணையர் அலுவலகமும், நடுவண் வெடிபொருள் அமைப்பும் ஓசூர்ச் சாலையின் இருபுறத்துப் பட்டாசுக் கடை, கிடங்கு ஒவ்வொன்றின் உரிம அளவையும், கடைசியாக நேரில் பார்த்தவர் பதவியையும் தேதியையும் ஒரே பட்டியலாக, தமிழிலும் கன்னடத்திலும் வெளியிட வேண்டும். கடை வாயிலில் உரிம அளவை எழுதித் தொங்கவிட்டால், உள்ளே சுமக்கப்போகும் இளைஞனாவது பார்த்து அறிவான்.

விசாரணை அறிக்கைகளும் வெளிவர வேண்டும். 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி அமைந்த ஆணையமாயின், அதன் அறிக்கையை எடுத்த நடவடிக்கையுடன் ஆறு திங்களுக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். காவல்துறை விசாரணைக்கும் வருவாய்த்துறை விசாரணைக்கும் அத்தகைய கட்டாயம் இல்லை. இதுபோன்ற நிகழ்ச்சிகளில் அரசுகள் எந்த வகை விசாரணையை விரும்பித் தேர்ந்தெடுக்கின்றன என்பதை வாசகர் கவனித்திருப்பர். 59ஆம் பிரிவின்படி அனுமதி கேட்கப்பட்டதா, மறுக்கப்பட்டதாயின் காரணம் என்ன என்பதும் எழுத்தில் வெளிப்பட வேண்டும். மறுப்பதற்கு அரசுக்கு உரிமை இருக்கலாம், மறுத்ததை மறைக்க உரிமை இல்லை. நிவாரணமாகத் தந்த தொகையைத் தவறிழைத்தவரிடமிருந்து மீட்கும் முயற்சி ஏதும் நடந்ததா என்பது இரு மாநிலச் சட்டமன்றங்களிலும் எழுப்பப்பட வேண்டிய வினா. வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஆம்பூர் ஊர்களில் வழக்கறிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் எழுத இயலாதவர்கள் அல்லர்.

தீபாவளிக்கு ஓரிரு திங்கள் முன்னதாகவே தற்காலிகக் கடைகளுக்கான மனுக்கள் ஆட்சியர் அலுவலகங்களில் வாங்கப்படுகின்றன. நம் விண்ணப்பங்களும் அந்நாள்களிலேயே, அதே அலுவலகத்தில், அந்த மனுக்களோடு சேர்ந்து பதிவாக வேண்டும்.